ரொறன்ரோவில் இருந்து வரும் போத்தல்: செலனியமும் புரொஸ்டேட் புற்றுநோயும்

வெள்ளவத்தையில் மருந்துக் கடையில் நிற்பவர்களுக்கு வெளிநாட்டுப் போத்தல்கள் புதிதல்ல. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ யாராவது வந்து இறங்கினால், அடுத்த கிழமையே அந்தப் போத்தல்கள் எங்கள் மேசைக்கு வந்துவிடும். "தம்பி, மகன் அனுப்பினவன். இதைக் குடிச்சா புரொஸ்டேட் கான்சர் வராதாம். உண்மையே?" இந்தக் கேள்வியை இங்கேயும் கேட்டிருக்கிறேன், முன்பு வேலை செய்த கொட்டாஞ்சேனையிலும் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்த ஆண்கள், அல்லது அவர்களுடைய மனைவிமார். போத்தலில் அநேகமாக இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று செலனியம், மற்றது விற்றமின் ஈ.

கவுண்டரில் நின்றபடி இரண்டு வசனத்தில் சொல்லக்கூடிய பதில் இதற்குக் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், எங்கள் ஆட்கள் ஏன் இந்தப் போத்தல்களை இவ்வளவு நம்புகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மருந்து போவதே கட்டுப்பாடாக இருந்தது. அந்த நாட்களில் வெளியில் இருந்து வந்த ஒரு அட்டை குளிசை என்பது ஒரு வீட்டின் நிம்மதி. பிறகு வெளிநாட்டு விசாவுக்காகக் கொழும்பு லொட்ஜ்களில் மாதக்கணக்கில் காத்திருந்த காலம் வந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜ்களில் இருந்தவர்களை இரவோடிரவாக எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியதை இந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை. பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள், தாய் தகப்பன் இங்கே நின்றுவிட்டார்கள். 2022இல் டொலர் இல்லாமல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்த்திருந்த வீடுகள் ஏராளம். ஆகவே மகன் அனுப்பியது என்றால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று ஒரு தகப்பன் நினைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மகனும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. அவனுக்கு யாரோ சொன்னது, அந்த யாரோ எங்கேயோ வாசித்தது. அந்த வாசிப்புக்கு ஒரு காலத்தில் உண்மையான அடிப்படை இருந்தது.

அந்த அடிப்படை அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய ஓர் ஆய்வு. அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லரி கிளார்க் என்பவர் அதை நடத்தினார். அவர் தேடியது புரொஸ்டேட் புற்றுநோயை அல்ல, தோல் புற்றுநோயை. ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்து சுகமான 1,312 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 200 மைக்ரோகிராம் செலனியம், மற்றப் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை. எவருக்கு எது போகிறது என்பது குளிசை குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. பெறுபேறு 1996 டிசம்பரில் வெளியானது. தோல் புற்றுநோயைச் செலனியம் தடுக்கவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. வெறும் குளிசை குடித்தவர்களில் 35 பேருக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தது, செலனியம் குடித்தவர்களில் 13 பேருக்குத்தான். கிட்டத்தட்ட 63 வீதக் குறைவு.

63 வீதம் என்றால் எந்த வைத்தியருக்கும் தூக்கம் வராது. குளிசைக் கம்பனிகளுக்கும் வரவில்லை, அது வேறு காரணத்துக்காக. இதே காலத்தில் பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், விற்றமின் ஈ குடித்தவர்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தது. அதுவும் தேடாமல் கிடைத்ததுதான். அவர்கள் தேடியது நுரையீரல் புற்றுநோயை. அந்த ஆய்வில் கொடுத்த இன்னொரு சத்தான பீட்டா கரோட்டின், குறைக்கும் என்று நம்பிய நுரையீரல் புற்றுநோயை 18 வீதம் கூட்டிவிட்டது. அந்த எச்சரிக்கையைப் போத்தல் விற்பவர்கள் அதிகம் பேசவில்லை.

தேடாமல் கிடைத்ததை எவ்வளவு நம்பலாம்? எங்கள் கரையோர ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. சூடை மீனுக்கு வலை போட்டவனுக்கு ஒருநாள் நாலு பாரை அகப்பட்டால், அந்த இடத்தில் பாரை கூட்டமாக நிற்கிறது என்று உடனே சொல்ல முடியாது. பாரைக்கென்றே வலை கொண்டுபோய் அதே இடத்தில் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். கிளார்க்கின் ஆய்வில் மொத்த ஆண்கள் ஆயிரத்துக்கும் குறைவு. 13க்கும் 35க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், அது வெறும் 22 மனிதர்களின் கதை.

அப்படித் திரும்பப் போட்ட பெரிய வலைதான் 2001இல் தொடங்கிய ஆய்வு. ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து அதைச் 'செலெக்ட்' என்று அழைப்பார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் பணம். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் 400க்கும் மேற்பட்ட நிலையங்கள். 35,533 ஆண்கள். எல்லோரும் 55 வயதைக் கடந்தவர்கள். கறுப்பின ஆண்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருவதால் அவர்களை 50 வயதிலேயே சேர்த்தார்கள். நாலு கூட்டமாகப் பிரித்தார்கள்: செலனியம் மட்டும் குடிப்பவர்கள், விற்றமின் ஈ மட்டும் குடிப்பவர்கள், இரண்டையும் குடிப்பவர்கள், இரண்டு வெறும் குளிசைகள் குடிப்பவர்கள். செலனியம் 200 மைக்ரோகிராம், விற்றமின் ஈ 400 யூனிட். இன்றைக்கு எங்கள் மேசைக்கு வரும் போத்தல்களிலும் அநேகமாக இதே அளவுகள்தான்.

ஏழு முதல் பன்னிரண்டு வருடம் நடத்துவதாகத் திட்டம். 2008 ஒக்டோபரில், ஐந்தரை வருடமளவில், நிற்பாட்டிவிட்டார்கள். குளிசை குடிப்பதை நிறுத்தும்படி எல்லோருக்கும் அறிவித்தார்கள். பலன் இல்லை, இனியும் வருவதற்கு வழியில்லை என்று கணக்கு காட்டியது. அதோடு விற்றமின் ஈ கூட்டத்தில் புற்றுநோய் கொஞ்சம் கூடுவதுபோல ஓர் அறிகுறியும் தெரிந்தது. குளிசையை நிறுத்திய பிறகும் அந்த ஆண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2011இல் வெளியான கணக்கு இது: ஒவ்வொரு கூட்டத்திலும் ஏறக்குறைய 8,700 பேர். வெறும் குளிசை குடித்தவர்களில் 529 பேருக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தது. செலனியம் மட்டும் குடித்தவர்களில் 575. இரண்டும் குடித்தவர்களில் 555. விற்றமின் ஈ மட்டும் குடித்தவர்களில் 620.

செலனியத்தின் 575 தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிறது புள்ளிவிபரம். 620 அப்படியல்ல. விற்றமின் ஈ நோயை 17 வீதம் கூட்டியிருக்கிறது. குளிசையை நிறுத்திய பிறகும் அந்த வித்தியாசம் வளர்ந்துகொண்டே போனது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. புற்றுநோய் வராமல் இருக்க என்று, நல்ல சுகத்தோடு இருந்த மனிதர்கள் விரும்பிக் குடித்த குளிசை அது.

கதை அங்கேயும் முடியவில்லை. செலெக்ட் ஆய்வில் சேர்ந்த ஆண்களிடம் ஆரம்பத்திலேயே கால்விரல் நகங்களை வெட்டி வாங்கி வைத்திருந்தார்கள். இரத்தத்தில் உள்ள செலனியம் சில நாள் சாப்பாட்டைக் காட்டும். நகம் மெதுவாக வளர்வதால் மாதக்கணக்கான சாப்பாட்டைக் காட்டும். அந்த நகங்களைப் பரிசோதித்த ஆய்வு 2014இல் வந்தது. உடம்பில் ஏற்கெனவே செலனியம் கூடுதலாக இருந்தவர்கள் மேலதிகமாகக் குளிசையும் குடித்தபோது, வேகமாகப் பரவக்கூடிய கடுமையான புரொஸ்டேட் புற்றுநோய் 91 வீதம் கூடியிருந்தது. சரி, உடம்பில் குறைவாக இருந்தவர்களுக்காவது பலன் கிடைத்ததா? இல்லை. அவர்களுக்கும் செலனியம் எதையும் தடுக்கவில்லை. செலனியம் குறைவாக இருந்தவர்கள் விற்றமின் ஈயைக் குடித்தபோதோ நிலைமை மோசமாகியது.

கனடாவில் இருந்து போத்தல் அனுப்பும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய ஊர்க் கதையையே சொல்லலாம். ரொறன்ரோவின் சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர் நீல் பிளெஷ்னரின் தலைமையில், கனடாவின் 12 நிலையங்களில், புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் புரொஸ்டேட்டில் ஏற்கெனவே காணப்பட்ட 303 ஆண்களை மூன்று வருடம் பார்த்தார்கள். செலனியம், விற்றமின் ஈ, சோயாப் புரதம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2011இல் பெறுபேறு வந்தது. கொடுத்த கூட்டத்துக்கும் கொடுக்காத கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. 2018இல் கொக்ரேன் அமைப்பு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, செலனியக் குளிசை புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியது.

இதைச் சொன்னால் படித்த ஆட்கள் சிலர் இன்னொரு கேள்வி கேட்பார்கள். "அது வெள்ளைக்காரனுக்கு. அவன்ர மண்ணில செலனியம் கூட. எங்கட மண்ணில குறைவெல்லோ?" நல்ல கேள்வி.

செலனியம் எங்கள் சாப்பாட்டுக்கு மண்ணில் இருந்துதான் வருகிறது. 1817இல் சுவீடனில் பெர்சீலியஸ் என்ற இரசாயனவியலாளர் கண்டுபிடித்த இந்த மூலகத்தை, நீண்ட காலம் நஞ்சாகத்தான் உலகம் பார்த்தது. உடம்புக்கு மிகச் சிறிய அளவில் அது கட்டாயம் வேண்டும் என்பது கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தெரியவந்தது. சீனாவின் கெஷான் பகுதியில் மண்ணில் செலனியம் மிகக் குறைவு. அங்கே பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இருதயத் தசை பலவீனமாகி இறந்துபோகும் ஒரு நோய் இருந்தது. எழுபதுகளில் செலனியம் கொடுத்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். இதற்கு நேரெதிர் இந்தியாவின் பஞ்சாப்பில். ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கத்துச் சில கிராமங்களில் மண்ணில் செலனியம் அளவுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. அங்கே மாடுகளின் குளம்பு கழன்றுவிடும், மனிதருக்கு முடியும் நகமும் உதிரும். ஒரே பொருள்தான், இடத்துக்கு இடம் மருந்தும் நஞ்சும்.

இலங்கையையும் பார்த்திருக்கிறார்கள். பிரித்தானியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி. பி. திசாநாயக்கவும் சேர்ந்து, கழலை நோய்க்குக் காரணம் தேடி, இங்குள்ள கிராமங்களின் மண், அரிசி, குடிநீர், பெண்களின் தலைமுடி ஆகியவற்றை அளந்தார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வின்படி, பார்த்த கிராமங்களில் கணிசமான பெண்களுக்குச் செலனியம் போதாமல் இருந்தது. ஆகவே 'எங்கட மண்ணில குறைவு' என்பது முழுக்கக் கற்பனை இல்லை.

ஆனால் குறைவை நிரப்புவது ஒன்று, புற்றுநோயைத் தடுப்பது இன்னொன்று. ஒரு வயது வந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவையானது 55 மைக்ரோகிராம் அளவுதான். மீன் சாப்பிடும் வீட்டில் இது பெரிய பிரச்சினை இல்லை. சூரை, சாளை, இறால், முட்டை எல்லாவற்றிலும் செலனியம் இருக்கிறது. பருப்பிலும் இருக்கிறது, விளைந்த மண்ணைப் பொறுத்து. 200 மைக்ரோகிராம் குளிசை அந்தத் தேவையைப் போல மூன்றரை மடங்கு. சாப்பாட்டில் கிடைப்பது அதற்கு மேலே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023இல் நாளுக்கு 255 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்று எல்லையை இறக்கியது. குளிசையையும் குடித்து, மகள் அனுப்பிய பிரேசில் நட்ஸையும் நாலைந்து கொறித்தால் அந்த எல்லை போய்விடும். பிரேசில் நட்ஸ்தான் சாப்பாட்டிலேயே செலனியம் மிகக் கூடியது.

நெடுநாள் குடிப்பவர்களுக்கு இன்னும் ஒரு விசயம். முதலில் சொன்ன கிளார்க்கின் ஆய்வில் இருந்தவர்களைப் பிற்பாடு திரும்பப் பார்த்தபோது, செலனியம் குடித்தவர்களில் 58 பேருக்கும் குடிக்காதவர்களில் 39 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. ஒருவகைத் தோல் புற்றுநோயும் குடித்தவர்களுக்கே 25 வீதம் கூட. சீனி வருத்தம் வீட்டுக்கு வீடு இருக்கும் எங்கள் சனத்துக்கு இந்த 58உம் 39உம் முக்கியமான எண்கள்.

போத்தலில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. 2008இல் அமெரிக்காவில் விற்ற ஒரு சத்துப் பானத்தில் 200 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 40,800 மைக்ரோகிராம் செலனியம் கலந்துபோனது. 200 பேரளவில் முடி கொட்டி, நகம் நிறம் மாறி, வயிற்றோட்டத்தோடு அவதிப்பட்டார்கள். இவை மருந்து என்ற கணக்கில் விற்கப்படுவதில்லை, ஆகவே மருந்துக்கு நடக்கும் பரிசோதனை இவற்றுக்கு நடப்பதில்லை. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை இருக்கிறது. மருந்துக்கும் உணவுக்கும் நடுவில் நிற்கும் பொருட்களும் அதன் பொறுப்பில்தான். ஆனால் சூட்கேசுக்குள் உடுப்போடு உடுப்பாக வரும் போத்தலை எந்த அதிகார சபை பார்க்கப் போகிறது?

இனி எனக்கு உண்மையில் கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். குளிசை பலன் தராவிட்டால் காசுதான் நட்டம் என்று விடலாம். ஆனால் "நான் மகன் அனுப்பினதைக் குடிக்கிறன், எனக்கு வராது" என்று சொல்லிக்கொண்டு, சலம் போவதில் உள்ள கஷ்டத்தை இரண்டு மூன்று வருடம் மறைக்கும் ஐயாமாரை நான் பார்க்கிறேன். பெரும்பாலும் அது வயதோடு வரும் சாதாரண வீக்கமாகத்தான் இருக்கும். இரவில் நாலு தடவை எழும்புவது புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. ஆரம்ப நிலையில் புரொஸ்டேட் புற்றுநோய் அநேகமாக எந்த அறிகுறியும் காட்டாது என்பதும் உண்மை. ஆனால் சலத்தோடு இரத்தம் போவது, சலம் அடைத்துக்கொள்வது, காரணமில்லாமல் முதுகு எலும்பும் இடுப்பும் நோவது ஆகியவை தள்ளிப்போடக் கூடியவை இல்லை. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்த நோய் வந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் வைத்தியரோடு ஒருமுறை கதைக்க வேண்டும். பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன்; ஒருபோதும் தொல்லை தராத நோயையும் அது கண்டுபிடித்து, தேவையில்லாத சிகிச்சைக்கு இழுத்துவிடுவதுண்டு. வைத்தியரோடு கதைத்து முடிவெடுப்பதே சரி.

போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சலக்குழாயோடு வாழும் ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சலத்தில் கிருமித் தொற்று இருந்தாலோ, குழாய் போட்ட உடனேயோ பி.எஸ்.ஏ. அளவு தானாகவே ஏறும். ஆகவே அந்த நேரத்தில் எடுத்த அறிக்கையில் கூடிய எண்ணைக் கண்டு பயந்துபோய்க் குளிசைப் போத்தலுக்கு ஓட வேண்டாம். தொற்றைச் சுகப்படுத்தி, சில கிழமை விட்டுத் திரும்ப எடுத்துப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். சிகிச்சை தேவைப்பட்டாலும் எல்லோரும் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து, புறக்கோட்டைக்குப் போய் 138 பஸ் பிடித்து மகரகமவுக்கு அலைய வேண்டும் என்றில்லை. 2011இல் தெய்வேந்திர முனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை வடக்கில் இருக்கிறது. அரச வைத்தியசாலை, சிகிச்சைக்குக் காசு இல்லை.

ஏற்கெனவே புரொஸ்டேட் புற்றுநோய் வந்து சிகிச்சையில் இருப்பவர்கள்தான் இந்தப் போத்தல்களை அதிகம் வாங்குகிறார்கள் என்பது என் அனுபவம். அவர்களுக்கு 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இருக்கிறது. நோய் வேறிடத்துக்குப் பரவாத நிலையில் இருந்த 4,459 ஆண்களை வருடக்கணக்கில் கவனித்தது அது. நோய் தெரிந்த பிறகு நாளுக்கு 140 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ செலனியக் குளிசை குடித்தவர்கள் அந்தப் புற்றுநோயால் இறப்பது, குடிக்காதவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இது குளிசை கொடுத்துச் செய்த ஆய்வு இல்லை, அவரவர் பழக்கத்தைக் கேட்டு எழுதிய ஆய்வு. அதனால் குளிசைதான் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நன்மை என்று சொல்ல ஒரு துரும்பும் அதில் இல்லை. சிகிச்சையில் இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன், சொல்கிறேன்.

வைத்தியரிடம் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. "என்ன குளிசை குடிக்கிறீங்கள்" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் பிறஷர்க் குளிசையைச் சொல்வார்கள், சீனிக் குளிசையைச் சொல்வார்கள். மகன் அனுப்பியது அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை, 'சத்து'. கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்தக் கதையே எழாது. ஆகவே என் கடைக்கு வருபவர்களுக்கு ஒரு சின்ன வேலை செய்து கொடுக்கிறேன். போத்தலில் உள்ள பெயரையும் அளவையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி விடுகிறேன். நீங்களும் எழுதுவித்துக்கொள்ளலாம், எந்தப் பாமசியிலும் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.